பழைய பணிசெயல் முறைமையை மடிக்கணினியில் நிறுவும்போது ஏற்படும் வழுக்களும் அவற்றைக் கண்டறிந்து திருத்தலும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
அலகு: பணிசெயல் முறைமை

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்,

• பணிசெயல் முறைமைக்கும் வன்பொருளுக்கும் இடையே சாதன இயக்கி ஆற்றும் பங்கினை விளக்கவும்,
• நிறுவலுக்கு முன் தரவுகளைப் பாதுகாக்கும் ஒழுங்கினைக் கூறவும்,
• நிறுவல் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கொண்டு வழுவுக்கான காரணத்தை ஊகிக்கவும்,
• பழைய பணிசெயல் முறைமையைப் பயன்படுத்துவதிலுள்ள ஆபத்தை எடுத்துரைக்கவும்

முடியும்.

1. அறிமுகம்

மாணவர்களே! பின்வரும் சம்பவத்தைக் கவனமாக வாசியுங்கள். இப்பாடம் முழுவதும் இதனையே உதாரணமாகக் கொள்வோம்.

புல்மோட்டையில் வசிக்கும் க.பொ.த. சாதாரண தர மாணவி ஒருத்தியின் வீட்டில் 2008 ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட மடிக்கணினி ஒன்று உள்ளது. அதில் விண்டோஸ் விஸ்டா நிறுவப்பட்டுள்ளது. நினைவகம் 1 கிகாபைற்று மட்டுமே. ஆகையால் கணினி மிக மெதுவாக இயங்குகின்றது. வீட்டிலுள்ள பழைய அச்சுப்பொறியின் இயக்கியும் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மாத்திரமே கிடைக்கின்றது. எனவே விஸ்டாவை நீக்கி எக்ஸ்பியை நிறுவ அவள் தீர்மானித்தாள். உரிமம் பெற்ற எக்ஸ்பி இறுவட்டு உறவினர் ஒருவரிடம் இருந்தது. அதை இட்டுக் கணினியைத் தொடக்கினாள். சில நிமிடங்களில் நீலத்திரை தோன்றிக் கணினி நின்றுவிட்டது. மீண்டும் முயன்றாள். அதே இடத்தில் மீண்டும் நின்றது.

திருகோணமலை நகருக்குச் சென்று திருத்தி வருவதாயின் போவதற்கு மட்டும் 50 கிலோமீற்றருக்கும் மேல் பயணஞ் செய்ய வேண்டும். ஒரு முழு நாள் செலவாகும். அதைவிட முக்கியமான விடயம் ஒன்றும் உண்டு. அவளது பாடசாலைச் செயற்றிட்டமும், காலமான பாட்டனாரின் குரற்பதிவுகளும் அந்த வன்தட்டில் மட்டுமே இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

இந்நிலையில் அவள் முதலில் செய்ய வேண்டியது யாது? நீலத்திரையைத் திருத்துவதா? இல்லை. விடையை அடுத்த பகுதியில் காண்போம்.

2. நிறுவலுக்கு முன்: தரவுகளைப் பாதுகாத்தல்

பணிசெயல் முறைமையை மீள நிறுவும்போது வன்தட்டினைப் பகுதி பிரித்தலும் வடிவமைத்தலும் இடம்பெறும். வடிவமைத்த பகுதியில் இருந்த கோப்புகள் சாதாரண வழியில் மீளக் கிடைக்கமாட்டா. மடிக்கணினியை மாற்றலாம், பணிசெயல் முறைமையை எத்தனை தடவையும் நிறுவலாம். ஆனால் ஒரேயொரு பிரதியாக இருந்த கோப்பு அழிந்தால் அதை மீண்டும் உருவாக்க முடியாது. எனவே காப்புப்பிரதி எடுத்தலே முதற் படியாகும்.

காப்புப்பிரதி எடுத்தலில் மூன்று செயல்கள் அடங்கும்.

(அ) பிரதிசெய்தல்: தேவையான கோப்புகளைப் பென்டிரைவ் அல்லது வெளி வன்தட்டில் பிரதிசெய்தல்.
(ஆ) சரிபார்த்தல்: அக்கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்த்தல்.
(இ) வேறாக வைத்தல்: நிறுவல் முடியும்வரை அப்பென்டிரைவைக் கணினியிலிருந்து கழற்றி வைத்தல். பகுதி பிரிக்கும் திரையில் தவறான தட்டினைத் தெரிவுசெய்யும் ஆபத்து இதனால் நீங்கும்.

இவற்றுள் மாணவர் பெரும்பாலும் கைவிடுவது இரண்டாவது செயலையே. எமது மாணவியும் பென்டிரைவில் பிரதிசெய்துவிட்டுத் திருப்தியடைந்தாள். ஆயினும் பாடசாலைக் கணினியில் திறந்து பார்த்தபோது குரற்பதிவுகள் இருந்த கோப்புறை திறக்கவில்லை. அவள் பிரதிசெய்தது கோப்புறையை அன்று, மேசைத்தளத்திலிருந்த அதன் குறுக்குவழியையே ஆகும். குறுக்குவழி என்பது கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும் சிறு அடையாளம் மட்டுமே. அதன் அளவு ஓரிரு கிலோபைற்று அளவில் இருக்கும். குரற்பதிவுகளோ பல மெகாபைற்று. அளவை ஒப்பிட்டிருந்தால் வீட்டிலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

நல்லவேளையாக வன்தட்டு இன்னும் வடிவமைக்கப்படவில்லை. நீலத்திரை அவளை இடையில் நிறுத்தியது ஒருவகையில் நன்மையே. இறுவட்டை எடுத்துவிட்டு விஸ்டாவைத் தொடக்கி, உண்மையான கோப்புறையைப் பிரதிசெய்து, மீண்டும் பாடசாலையில் திறந்து கேட்டுப் பார்த்தாள். அதன் பின்னரே நிறுவலைத் தொடர்ந்தாள்.

கவனிக்க: திறந்து பார்க்கப்படாத பிரதி காப்புப்பிரதி ஆகாது.

3. நிறுவல் ஏன் இடையில் நிற்கின்றது?

பணிசெயல் முறைமை வன்பொருளுடன் நேரடியாகப் பேசுவதில்லை. ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய இயக்கி மென்பொருளின் ஊடாகவே கட்டளைகளைப் பரிமாறுகின்றது. இதனையே டிரைவர் எனப் பொதுவாக அழைப்பர். பணிசெயல் முறைமை வெளியிடப்படும்போது அக்காலத்தில் வழக்கிலிருந்த சாதனங்களின் இயக்கிகள் அதனுடன் சேர்த்து வழங்கப்படும். அதன் பின்னர் தோன்றிய சாதனங்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

பின்வரும் ஆண்டுகளை ஒப்பிடுக.

2001 – விண்டோஸ் எக்ஸ்பி வெளியீடு
2003 – வன்தட்டினை இணைக்கும் சாட்டா முறையின் முதலாவது நியமம்
2004 – சாட்டா தட்டுகளைக் கட்டுப்படுத்தும் ஏஎச்சிஐ நியமம்
2007 – விண்டோஸ் விஸ்டாவின் பொது வெளியீடு
2008 – எமது மாணவியின் மடிக்கணினி
2009 – விண்டோஸ் 7 வெளியீடு
2012 – யூஎஸ்பி 3 இற்கான இயக்கியைத் தன்னுடன் கொண்ட விண்டோஸ் 8 வெளியீடு

மடிக்கணினியின் வன்தட்டு ஏஎச்சிஐ முறையில் இயங்குகின்றது. விஸ்டா அதனை அறியும். எக்ஸ்பியோ அந்நியமம் உருவாக முன்னரே வெளியானது. எனவே இறுவட்டு நன்றாக இருந்தும், வன்தட்டு நன்றாக இருந்தும், நிறுவல் நிரலால் வன்தட்டினை அணுக முடியவில்லை. கணினி பழுதடையவில்லை. இரண்டுக்கும் இடையே பொருத்தப்பாடு இல்லை, அவ்வளவே.

4. எந்தக் கட்டத்தில் நின்றது?

எக்ஸ்பி நிறுவலைப் பின்வரும் கட்டங்களாகப் பிரிக்கலாம்.

கட்டம் 1: இறுவட்டிலிருந்து தொடங்கி, அடிப்படை இயக்கிகளை நினைவகத்துக்கு ஏற்றல்.
கட்டம் 2: வன்தட்டினைப் பகுதி பிரித்தலும் வடிவமைத்தலும்.
கட்டம் 3: கோப்புகளை வன்தட்டுக்குப் பிரதிசெய்தல்.
கட்டம் 4: கணினி மீளத் தொடங்கி, வன்தட்டிலிருந்து நிறுவலைத் தொடர்தல்.
கட்டம் 5: முதற்தடவை உள்நுழைதலும் ஏனைய இயக்கிகளை நிறுவலும்.

மருத்துவர் முதலில் எங்கே வலிக்கின்றது என்று கேட்பது போல, நாமும் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதையே முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கவனிக்க: எக்ஸ்பி நிறுவலின் முதல் மூன்று கட்டங்களில் திரையின் பின்னணி இயல்பாகவே நீல நிறத்தில் இருக்கும். அது வழு அன்று. வழு ஏற்படும்போது தோன்றும் நீலத்திரையில் கணினி நிறுத்தப்பட்டதாக ஆங்கில வாசகமும், பூச்சியத்தில் தொடங்கும் நீண்ட குறியீடும் காணப்படும். அக்குறியீட்டின் இறுதி எழுத்துகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பலர் இத்திரையைக் கண்டதும் உடனே மின்னை நிறுத்திவிடுவர். இது, கிடைத்த ஒரே தடயத்தைக் கிழித்தெறிவதற்குச் சமம்.

5. பொதுவான வழுக்களும் தீர்வுகளும்

5.1 குறியீடு 7பி

பொருள்: தொடக்கத்துக்குரிய தட்டினை அணுக முடியவில்லை.
தோன்றும் இடம்: கட்டம் 1 இன் இறுதி.
காரணம்: ஏஎச்சிஐ இயக்கி இல்லாமை.

தீர்வுகள்:
(அ) பயோஸ் அமைப்பினுள் சென்று சாட்டா முறையினை ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஈ அல்லது ஒத்தியைவு முறைக்கு மாற்றுதல். பயோஸினுள் நுழையும் விசை கணினிக்குக் கணினி வேறுபடும். தொடங்கும்போது திரையின் அடியில் அது காட்டப்படுவதுண்டு.
(ஆ) நிறுவல் தொடங்கும்போது எப்6 விசையை அழுத்தி இயக்கியை வழங்குதல். ஆனால் எக்ஸ்பி அதனை நெகிழ்தட்டில் எதிர்பார்க்கின்றது. 2008 அளவில் மடிக்கணினிகளில் நெகிழ்தட்டுச் செலுத்தி இல்லாமற் போய்விட்டது.
(இ) பயோஸில் அவ்வசதி இல்லாவிடின், இயக்கியை நிறுவற் கோப்புகளுடன் முன்கூட்டியே இணைத்துப் புதிய இறுவட்டு ஒன்றைத் தயாரித்தல்.

கவனிக்க: ஏஎச்சிஐ முறையில் நிறுவிய விஸ்டா அதே தட்டில் இருக்கும்போது முறையினை ஐடிஈக்கு மாற்றினால், அந்த விஸ்டாவும் இதே 7பி குறியீட்டுடன் நிற்கலாம். அஞ்சவேண்டாம். முறையினைப் பழையபடி மாற்றினால் அது மீண்டும் இயங்கும். கோப்புகள் அழிந்துவிட்டதாக எண்ணி அவசரப்பட்டு வடிவமைத்துவிடாதீர்கள்.

5.2 குறியீடு ஏ5

பொருள்: மின்வலு முகாமைத்துவம் தொடர்பாகப் பயோஸுக்கும் பணிசெயல் முறைமைக்கும் இடையே உடன்பாடின்மை.
தீர்வு: மடிக்கணினித் தயாரிப்பாளர் வழங்கும் பயோஸ் இற்றைப்படுத்தலைப் பார்த்தல். பயோஸை இற்றைப்படுத்தும்போது மின் துண்டிக்கப்பட்டால் தாய்ப்பலகையே பயனற்றுப் போகலாம். எனவே மின்கலம் நிறைந்திருக்கும்போது, மின்னிணைப்பும் உள்ள நிலையில், அனுபவமுள்ளவரின் துணையுடன் மட்டுமே இதனைச் செய்யவேண்டும்.

5.3 குறியீடுகள் 24, 50

24 என முடிவது பெரும்பாலும் வன்தட்டின் கோப்பு முறைமையிலுள்ள பழுதினைக் காட்டும். 50 என முடிவது பெரும்பாலும் பழுதடைந்த நினைவகத்தையோ பொருத்தமற்ற இயக்கியையோ காட்டும். நினைவகச் சில்லுப் பலகைகள் இரண்டு இருப்பின், கணினியை நிறுத்தி மின்கலத்தையும் கழற்றிய பின், ஒன்றை அகற்றி மற்றையதுடன் மட்டும் முயன்று பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியீடு தோன்றினால், வெவ்வேறு இடங்களில் நின்றால், வன்பொருளின் மீதே முதற் சந்தேகம் கொள்ளவேண்டும். ஒரே குறியீடு ஒரே இடத்தில் தோன்றினால் இயக்கி அல்லது அமைப்பு சார்ந்த வழுவாக இருக்கும் சாத்தியம் கூடுதலாகும்.

5.4 கோப்பினைப் பிரதிசெய்ய முடியவில்லை என்ற செய்தி

தோன்றும் இடம்: கட்டம் 3.
காரணம்: கீறல் விழுந்த அல்லது தூசு படிந்த இறுவட்டு, பலவீனமான இறுவட்டுச் செலுத்தி, சிலவேளை பழுதான நினைவகம்.
தீர்வு: இறுவட்டினை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தல். வட்டமாகத் துடைக்கக்கூடாது. பயனில்லையெனில் வேறு பிரதியைப் பயன்படுத்தல்.

5.5 மீண்டும் மீண்டும் முதற் கட்டத்துக்கே திரும்புதல்

இது வழு அன்று, பயனரின் தவறு. கட்டம் 4 இல் கணினி மீளத் தொடங்கும்போது, இறுவட்டிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு விசையை அழுத்துமாறு செய்தி தோன்றும். முதற்தடவை விசையை அழுத்தவேண்டும். இரண்டாம் தடவை அழுத்தாமல் விடவேண்டும். அப்போதே வன்தட்டிலிருந்து நிறுவல் தொடரும்.

5.6 வன்தட்டின் கொள்ளளவு குறைவாகத் தெரிதல்

2001 இல் வெளியான முதற் பதிப்பு இறுவட்டு, ஏறத்தாழ 137 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தட்டின் முழு அளவையும் அறியாது. சேவைப் பொதி 1 உடனோ அதற்குப் பிந்திய பொதியுடனோ கூடிய இறுவட்டினைப் பயன்படுத்துக.

5.7 கணினி சூடாகித் தானாக நின்றுவிடுதல்

நீலத்திரை எதுவுமின்றித் திடீரென மின் அணைந்தால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். புல்மோட்டை போன்ற கரையோர ஊர்களில் காற்றுடன் மணல் தூசு மடிக்கணினியின் காற்றுத் துவாரங்களில் படியும். உப்புக் காற்று உலோகத் தொடுகைகளைக் காலப்போக்கில் அரிக்கும். நிறுவலின்போது கணினியை மெத்தை, தலையணை மீது வைக்காது கடினமான மேசைமீது வைக்கவேண்டும்.

5.8 விண்டோஸ் 7 இனைப் புதிய மடிக்கணினியில் நிறுவுதல்

வழுவின் தன்மை ஒன்றே, சாதனம் மட்டும் வேறு. விண்டோஸ் 7 தன்னுடன் யூஎஸ்பி 3 இயக்கியைக் கொண்டிருக்கவில்லை. 2015 இல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறை முறைவழியாக்கிகளுடன் கூடிய கணினிகளில், நிறுவல் திரை தோன்றிய பின் யூஎஸ்பி சுட்டியும் விசைப்பலகையும் இயங்காமற் போவது இதனாலேயே. தேவையான இயக்கி இல்லை என்ற செய்தியும் தோன்றலாம். பென்டிரைவ் பழுது என்று எண்ணி அதை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. நிறுவற் கோப்புகளுடன் அவ்வியக்கியை இணைக்கவேண்டும்.

6. முறையாக வழுவறிதல்

புல்மோட்டை கனிய மணலுக்குப் பெயர்பெற்றது. கரையிலுள்ள கறுப்பு மணலில் இல்மனைற்று, உரூட்டைல், சேர்க்கோன் என்பன கலந்திருக்கும். அவற்றை ஒரே தடவையில் பிரிக்க முடியாது. காந்தத்தால் இல்மனைற்று பிரிக்கப்படும். மின்னைக் கடத்தும் இயல்பினைக் கொண்டு உரூட்டைலும் சேர்க்கோனும் வேறாக்கப்படும். ஒரு படியில் ஓர் இயல்பு மட்டுமே சோதிக்கப்படுகின்றது.

வழுவறிதலும் இவ்வாறானதே.

படி 1: காப்புப்பிரதி எடுத்துச் சரிபார்க்க.
படி 2: நின்ற கட்டத்தையும் குறியீட்டையும் எழுதிக்கொள்க.
படி 3: மீண்டும் முயன்று, அதே இடத்தில் நிற்கின்றதா எனப் பார்க்க.
படி 4: ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்க. செய்த மாற்றத்தை எழுதிக்கொள்க.
படி 5: பயனில்லையெனில் அம்மாற்றத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே அடுத்ததைச் செய்க.

பயோஸில் ஐந்து அமைப்புகளை ஒன்றாக மாற்றி, கணினி இயங்கிவிட்டாலும் எதனால் இயங்கியது என்பது தெரியாது. இயங்காவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பவும் வழியிராது.

7. சம்பவத்தின் தொடர்ச்சி

எமது மாணவி எழுதிக்கொண்ட குறியீடு 7பி. இரண்டு தடவையும் ஒரே இடம். எனவே நினைவகத்தையோ இறுவட்டையோ சந்தேகிக்கத் தேவை எழவில்லை. பயோஸில் சாட்டா முறையினை மாத்திரம் மாற்றினாள். இம்முறை பகுதி பிரிக்கும் திரை வந்தது. கட்டம் 4 இல் பழக்கதோஷத்தால் விசையை அழுத்தி ஒருமுறை முதற் கட்டத்துக்குத் திரும்பினாள். இரண்டாம் முறை அழுத்தாமல் விட்டாள். நிறுவல் நிறைவுற்றது.

ஆயினும் ஒலி இல்லை, வலையமைப்பு இல்லை. சாதன முகாமையாளரில் மஞ்சள் நிறக் குறிகள் தெரிந்தன. மடிக்கணினியின் மாதிரி இலக்கத்துக்குரிய எக்ஸ்பி இயக்கிகளை முன்னரே பென்டிரைவில் சேகரித்து வைத்திருந்தமையால் அவற்றை ஒவ்வொன்றாக நிறுவினாள். வலையமைப்பு இயக்கி இல்லாவிடின் இணையத்துக்குச் சென்று இயக்கியைத் தேடவும் முடியாது என்பதை நினைவிற் கொள்க.

இறுதியில் செயற்றிட்டத்தைத் திறந்தபோது தமிழ் எழுத்துகள் சதுரக் கட்டங்களாகத் தெரிந்தன. இதுவும் கோப்புப் பழுது அன்று. எக்ஸ்பியில் ஒருங்குறித் தமிழைச் சரியாகக் காண, கட்டுப்பாட்டுப் பலகத்தின் பிரதேச, மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துருக்களுக்கான கோப்புகளை நிறுவும் தெரிவினை இயக்கவேண்டும். அதற்கு எக்ஸ்பி இறுவட்டு மீண்டும் தேவைப்படும். ஆகையால் இறுவட்டினை உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

8. நிறுவத்தான் வேண்டுமா?

நிறுவ முடியும் என்பதால் நிறுவுவது நல்லது என்றாகிவிடாது. எக்ஸ்பிக்கான மைக்ரோசொப்ட் ஆதரவு 2014 ஏப்பிரல் 8 இலும், விஸ்டாவுக்கு 2017 ஏப்பிரல் 11 இலும், விண்டோஸ் 7 இற்கு 2020 ஜனவரி 14 இலும், விண்டோஸ் 10 இற்கு 2025 ஒக்டோபர் 14 இலும் முடிவடைந்தது. ஆதரவு முடிந்த பின்னர் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைபாடுகள் வழமையாகத் திருத்தப்படமாட்டா. 2017 மே மாதத்தில் வொன்னாகிறை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியபோது, ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசொப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தத்தை வெளியிட நேர்ந்தது.

எனவே எக்ஸ்பியைப் பழைய அச்சுப்பொறி, பழைய பாட இறுவட்டு போன்ற தேவைகளுக்கு, இணையத்துடன் இணைக்காமல் பயன்படுத்துவதே பொருத்தம். இணையம் தேவையெனில், பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான லினக்ஸ் வெளியீடு ஒன்று சிறந்த மாற்றாகும். அது இலவசமானது. பலவற்றை, நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கவும் முடியும். அவ்வெளியீட்டுக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் இன்னும் கிடைக்கின்றனவா என்பதை மட்டும் உறுதிசெய்க.

9. மாதிரி வினாக்கள்

1. பணிசெயல் முறைமையை நிறுவ முன் முதலில் செய்யவேண்டியது,
(1) வன்தட்டினை வடிவமைத்தல்
(2) பயோஸை இற்றைப்படுத்தல்
(3) தரவுகளின் காப்புப்பிரதி எடுத்துச் சரிபார்த்தல்
(4) நினைவகத்தை அகற்றல்

2. ஒரு கணினியில் நிறுவல் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு குறியீட்டுடன் நிற்கின்றது. முதலில் சந்தேகிக்க வேண்டியது,
(1) நினைவகம் போன்ற வன்பொருள்
(2) அச்சுப்பொறி இயக்கி
(3) மொழி அமைப்பு
(4) திரையின் பின்னணி நிறம்

3. எக்ஸ்பியும் விஸ்டாவும் ஒரே கணினியில் தேவைப்படின் எதனை முதலில் நிறுவவேண்டும்? காரணம் தருக.

4. நிறுவிய பின் மடிக்கணினியில் ஒலி கேட்கவில்லை. சாதன முகாமையாளரில் மஞ்சள் குறி தெரிகின்றது.
(அ) இதற்கான காரணம் யாது?
(ஆ) தீர்வினைக் குறிப்பிடுக.

விடைகள்

1. (3). ஏனைய படிகள் யாவற்றையும் மீளச் செய்யலாம், அழிந்த தரவினை அவ்வாறு மீளப் பெற முடியாது.
2. (1). இயக்கி சார்ந்த வழு பெரும்பாலும் ஒரே இடத்தில் தோன்றும்.
3. எக்ஸ்பியை முதலில் நிறுவவேண்டும். விஸ்டாவின் தொடக்க நிரல் எக்ஸ்பியை அறியும். எக்ஸ்பியின் தொடக்க நிரல் தனக்குப் பின் தோன்றிய விஸ்டாவை அறியாது. பின்னர் நிறுவினால் விஸ்டாவின் தொடக்க ஒழுங்கை அது மாற்றிவிடும்.
4. (அ) ஒலி அட்டைக்குரிய சாதன இயக்கி நிறுவப்படாமை. (ஆ) மடிக்கணினியின் மாதிரி இலக்கத்துக்கும் பணிசெயல் முறைமைக்கும் பொருந்தும் இயக்கியைப் பெற்று நிறுவுதல்.

பரீட்சையில் கவனிக்க: "கணினி பழுது" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது. எந்தக் கட்டம், எந்தச் சாதனம், எந்த இயக்கி என்பவற்றைக் குறிப்பிட்டு விடை எழுதுக.

நினைவிற் கொள்க

• பழைய பணிசெயல் முறைமை தனக்குப் பின் தோன்றிய வன்பொருளை அறியாது. இயக்கியே அவ்விடைவெளியை நிரப்பும்.
• நீலத்திரை ஒரு செய்தி. வாசித்து எழுதிக்கொண்ட பின்னரே மின்னை நிறுத்துக.
• ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டுமே.
• திறந்து பார்த்து உறுதிசெய்த பிரதி கையில் இருக்கும்வரை, எந்த வழுவையும் ஆறுதலாகத் திருத்தலாம்.